போரில் ஜெயித்தவர், யூரியாவில் தோற்றவர்: கோத்தபயவைப் புத்தகங்கள் எப்படிக் காட்டின?

தீபாவளி லீவுக்குத் திருவையாறு போயிருந்தேன். சம்பா நட்டு இருபது நாள் ஆன வயல். மேலுரம் போட்டாக வேண்டிய நேரம். சொசைட்டியில் யூரியா இல்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. காசு ஒரு பிரச்சினையே இல்லை, சரக்கு வரவில்லை. மூன்றாவது நாளும் வெறுங்கையோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் திரும்பி வந்த சித்தப்பா, திண்ணையில் உட்கார்ந்து அசோகாவை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏண்டா, இலங்கையில ஒருத்தர் யூரியாவையே வேணாம்னு தடை போட்டாரே, அந்த ஜனாதிபதி. அவரப் பத்தி உங்காளுங்க புக்கு கிக்கு எழுதியிருக்காங்களா? அந்த முடிவ எடுக்கறதுக்கு முன்னாடி அவரு யாரையாச்சும் கேட்டாரா இல்லியா?"

"உங்காளுங்க" என்றால் பத்திரிகைக்காரர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: எழுதியிருக்கிறார்கள், நிறையவே. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் சென்னைக்குத் திரும்பியதும் இந்தப் புத்தகங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சவைப் பற்றிப் படித்தால், ஒரே பெயரில் மூன்று நான்கு வேறு வேறு மனிதர்கள் வருகிறார்கள். ஒருவர் போரை முடித்த செயல்வீரர். இன்னொருவர் பதுங்குகுழியில் கிடந்தவர்களின் தலைக்கு மேலே எங்கோ இருந்து குண்டு போட்ட அரசின் முகம். மூன்றாமவர் அந்நியச் சதியால் கவிழ்க்கப்பட்ட அப்பாவி.

இதில் எது உண்மை என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. எழுதியவர் யார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்? என் கணிப்பில், இந்தப் புத்தகங்களைப் பிரிக்கிற கோடு அதுதான்.

முதலில், ஆள் யார்?

1949-ல் தெற்கு இலங்கையின் மாத்தறை மாவட்டத்தில் பிறந்தவர். 1971-ல் ராணுவத்தில் சேர்ந்து, லெப்டினன்ட் கர்னலாக 1991-ல் விலகினார். பிறகு அமெரிக்கா போய், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சட்டக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தார். அண்ணன் மகிந்த ராஜபக்ச 2005-ல் ஜனாதிபதி ஆனதும், தம்பி பாதுகாப்புச் செயலாளர் ஆனார். 2006 டிசம்பரில் கொழும்பில் அவர் வாகனத்தைக் குறிவைத்துத் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. தப்பினார். 2009 மே மாதம் போர் முடிந்தது.

2019 நவம்பரில் 52.25 சதவீத ஓட்டு, ஏறக்குறைய 69 லட்சம் பேர் ஆதரவோடு அவரே ஜனாதிபதி. 2022 ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். நீச்சல் குளத்தில் குதித்த வீடியோவை நீங்களும் ஃபார்வர்ட் செய்திருப்பீர்கள். 13-ம் தேதி விமானப்படை விமானத்தில் மாலத்தீவு, அங்கிருந்து சிங்கப்பூர். ராஜினாமா கடிதம் மெயிலில் வந்தது. இரண்டரை வருஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் ஆட்சி.

ஒரு மனிதரின் பெயரில் ஒரு போர்

கோத்தபயவைப் பற்றி ஒரு அரசியல் பத்திரிகையாளர் எழுதிய புத்தகங்களில் அதிகம் பேசப்பட்டது 2012-ல் வந்த 'கோட்டாஸ் வார்'. எழுதியவர் சி.ஏ. சந்திரப்பிரேமா. கொழும்பின் 'தி ஐலண்ட்' நாளிதழில் அரசியல் பத்தி எழுதியவர். ஜேவிபி கிளர்ச்சியைப் பற்றி 1991-லேயே ஒரு புத்தகம் எழுதியவர். கத்துக்குட்டி இல்லை.

தலைப்பைக் கவனியுங்கள். 'கோட்டாவின் போர்'. கிட்டத்தட்ட மூன்று தலைமுறையின் இனப் பிரச்சினை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீண்ட போர், மூன்று படைகள், லட்சக்கணக்கான மக்கள். எல்லாம் சேர்ந்து ஒரே ஒருவரின் செல்லப்பெயருக்குள் அடங்கிவிடுகிறது. போரைப் பாதுகாப்புச் செயலாளரின் நாற்காலியிலிருந்து பார்க்கும் புத்தகம் இது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிகிறவை: படைக்கு ஆள் சேர்ப்பு, ஆயுதக் கொள்முதல், டெல்லியோடு ரகசிய ஒருங்கிணைப்பு, எப்போது முன்னேறுவது, எப்போது நிறுத்துவது. தெரியாதவை: முள்ளிவாய்க்கால் மணலில் பிள்ளையைத் தேடி ஓடியவள்.

இன்னொரு தகவலைப் பக்கத்தில் வைத்தால்தான் இந்தத் தலைப்பின் கனம் புரியும். அதே போரில் ராணுவத் தளபதியாக இருந்தவர் சரத் பொன்சேகா. வெற்றி யாருடையது என்ற சண்டை போர் முடிந்த சில மாதங்களிலேயே ஆரம்பித்துவிட்டது. 2010 ஜனவரியில் மகிந்தவை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த மாதமே கைது. 'கோட்டாஸ் வார்' வந்த அதே 2012-ல், மே மாதம்தான் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். தளபதி சிறையில் கிடந்த காலத்தில் எழுதப்பட்ட போர் வரலாற்றில் வெற்றி யார் பெயரில் பதிவாகும்? யூகிக்க ஊடகவியல் பட்டம் தேவையில்லை.

எனக்கு வகுப்பில் இதை 'ஆக்சஸ் ஜர்னலிசம்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். எளிமையாகச் சொன்னால், ஆட்சியாளர் உள்ளே விடுவதால் எழுத முடிகிற எழுத்து. உள்ளே போனால் வெளியே கிடைக்காத தகவல் கிடைக்கும். அதை மறுக்க முடியாது. போர்க்காலத்தில் கொழும்பில் யார் எந்த முடிவை எடுத்தார்கள் என்று பின்னாளில் ஆராய்கிறவர்கள் எல்லாருமே, பிடிக்கிறதோ இல்லையோ, இப்படியான புத்தகங்களைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கதவைத் திறந்துவிட்டவரைப் பற்றியே எழுதும்போது பேனாவின் முனை கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2020-ல், கோத்தபய ஜனாதிபதியாக இருக்கும்போது, சந்திரப்பிரேமா ஜெனிவாவில் ஐ.நா.வுக்கான இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை தொடர்பான தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்தது. போர்க்கால மீறல்களுக்கான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க வழி செய்த தீர்மானம் அது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவை 14. இந்தியா ஒதுங்கியது. அந்த அவையில் இலங்கைக்காக வாதாடியவர், போரின் நாயகனைப் பற்றிப் புத்தகம் எழுதிய அதே பத்திரிகையாளர். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. புத்தகத்தை இரண்டாம் முறை படிக்கும்போது மட்டும் வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியப் பத்திரிகையாளர்களும் இதிலிருந்து தப்பவில்லை. போர் முடிந்த அதே 2009-ல் ஒரு இந்தியப் பாதுகாப்பு இதழில், வி.கே. சசிகுமார் என்ற பத்திரிகையாளர் 'ராஜபக்ச மாடல்' என்று எட்டு அம்சங்களைத் தொகுத்தார். அசையாத அரசியல் உறுதி, உலகம் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமை, பேச்சுவார்த்தை கிடையாது, போர்நிறுத்தம் கிடையாது, படைகளுக்கு முழுச் சுதந்திரம், இளம் தளபதிகளுக்கு முன்னுரிமை, அண்டை நாட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்வது. எட்டாவது, ஊடகத்தைக் கட்டுப்படுத்துவது. எழுதுகிறவரே ஊடகக்காரர் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

அந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். போர் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, உரம் என்று போட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவின் இரண்டாவது கேள்வி

கோத்தபயவின் 2019 தேர்தல் அறிக்கை, இயற்கை விவசாயத்துக்குப் பத்து வருஷத்தில் படிப்படியாக மாறுவதாகச் சொன்னது. 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்கு அடியோடு தடை வந்தது. பத்து வருஷம் ஒரே ராத்திரியாகச் சுருங்கியது. கஜானாவில் டாலர் இல்லாததும் ஒரு காரணம் என்பது பரவலான கருத்து. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பெரும்போகப் பருவம் தொடங்கிவிட்டது. நம் ஊர் சம்பா மாதிரி, அவர்களுக்கு அதுதான் பெரிய பட்டம்.

இடையில் ஒரு சீனக் கப்பல் கதை வேறு. இயற்கை உரம் ஏற்றி வந்த 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பலின் சரக்கில் கெட்ட நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று சொல்லி இலங்கை இறக்கவிடவில்லை. கடைசியில் இறக்காத சரக்குக்கு 67 லட்சம் டாலர் கொடுத்து முடித்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

அப்போது தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர் காக்கும் மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய்க்கு. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. ஜூலையில், கோத்தபய நாட்டை விட்டுப் போவதற்குச் சில நாள் முன்பு, இந்தியா கடன் கொடுத்து அனுப்பிய 44,000 டன் யூரியா கொழும்பு போய்ச் சேர்ந்தது. யூரியா வேண்டாம் என்றவரின் ஆட்சி, யூரியாவைக் கடனாக வாங்கிய கையோடு முடிந்தது.

இதில் இயற்கை விவசாயத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. இதே தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார், வாழ்நாள் முழுக்க ரசாயன உரத்துக்கு எதிராகப் பேசியவர். ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு விவசாயியோடும் பேசித்தான் மாற்றப் பார்த்தார். அரசிதழில் அறிவிப்புப் போட்டு அல்ல.

ஆக, அவர் யாரையாவது கேட்டாரா? கேட்காமல் முடிவெடுப்பதுதான் அவரைப் பற்றி எழுதப்பட்ட பெருமைகளிலேயே முதல் பெருமை! 'கோட்டா சொன்னா முடிப்பார்'. போர் வெற்றியில் இருந்து கொழும்பு நடைபாதைகளை அழகாக்கியது வரை அந்தப் பிம்பத்தை வளர்த்ததில் புத்தகங்களுக்கும் பத்திகளுக்கும் டிவி பேட்டிகளுக்கும் பங்கு இருந்தது. 2019-ல் அந்தப் பிம்பத்துக்குத்தான் ஓட்டு விழுந்தது. அவருக்காக முன்னின்ற 'வியத்மக' அமைப்பில் இருந்தவர்கள் மருத்துவர்கள், பேராசிரியர்கள், கம்பெனி நடத்துகிறவர்கள். படித்தவர்கள். லிங்க்ட்இன்னில் இருக்கிற மாதிரியான ஆட்கள், அதாவது நம்மை மாதிரி. அரசியல்வாதி வேண்டாம், வேலையை முடிக்கிற நிர்வாகி போதும் என்று நினைத்தவர்கள்.

2020 அக்டோபரில் அரசியல் சாசனத்தின் 20-வது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தை மேலும் கூட்டியது. கொரோனா தடுப்புப் பணிக்குத் தலைமை ராணுவத் தளபதி. எல்லாவற்றுக்கும் செயலணி, செயலணிக்குள் சீருடை. போரில் எது அவரை ஜெயிக்க வைத்தது என்று பத்திரிகையாளர்கள் எழுதினார்களோ, அதையே அவர் நெல் வயலிலும் செய்தார். நெல் வயல் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. 2022 ஏப்ரலில் புதிய அமைச்சர்களிடம் பேசும்போது, ரசாயன உரத்தை நிறுத்தியது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

'கோட்டாஸ் வார்' பொய் சொன்னது என்பது என் வாதம் இல்லை. போர்க்களத்தில் அவர் உறுதியாக இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஒரு குணத்தின் ஒரு முனையை மட்டும் காட்டி, அதன் மறுமுனை யாரைக் குத்தியது என்று கேட்காமல் விட்டதுதான் கோளாறு. அந்த மறுமுனையைப் பற்றி வேறு சிலர் அதே ஆண்டுகளில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அரண்மனைக்கு வெளியே எழுதியவர்கள்

'கோட்டாஸ் வார்' வந்த அதே 2012-ல் பிரான்சஸ் ஹாரிசனின் 'ஸ்டில் கவுண்டிங் தி டெட்' வந்தது. இவர் 2000 முதல் 2004 வரை பிபிசியின் இலங்கைச் செய்தியாளர். போரின் கடைசி மாதங்களில் சுதந்திரமான செய்தியாளர்கள் வன்னிக்குள் போக முடியவில்லை. அதனால் அவர், தப்பிப் பிழைத்து உலகின் மூலைகளில் ஒளிந்து வாழ்ந்தவர்களைத் தேடிப் போனார். ஒரு டாக்டர், ஒரு கன்னியாஸ்திரி, ஒரு ஆசிரியை, ஒரு கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் பேசவைத்தார். இந்தப் புத்தகம் தமிழிலும் மொழிபெயர்ப்பாகி வந்திருக்கிறது.

ரோகிணி மோகனின் 'தி சீசன்ஸ் ஆஃப் ட்ரபிள்' (2014) மூன்று பேரை மட்டும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. சமந்த் சுப்ரமணியனின் 'திஸ் டிவைடட் ஐலண்ட்' அதே ஆண்டு வந்தது. தமிழ் பேசத் தெரிந்த ஒரு இந்தியர், போர் முடிந்த தீவில் ஊர் ஊராகப் போய்க் காது கொடுத்த புத்தகம் அது.

இந்த மூன்றிலும் போரின் மையத்தில் இருப்பவர்கள் சாதாரண மனிதர்கள். கோத்தபய நிழலாக வருகிறார், சுவரொட்டியாக வருகிறார், ஒரு பயமாக வருகிறார். பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகாமல் நடத்தப்பட்ட மனிதாபிமான நடவடிக்கை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அந்த எண்ணுக்குள் இருந்த முகங்களை வெளியே கொண்டுவந்தது இந்த மாதிரியான புத்தகங்கள்தான்.

ஹாரிசனும் வெறும் பார்வையாளராக நின்றுவிடவில்லை. பின்னாளில் போர்க்குற்ற ஆதாரங்களைத் திரட்டும் ஐடிஜேபி என்ற அமைப்பில் சேர்ந்தார். கோத்தபய சிங்கப்பூரில் இருந்தபோது அவரைக் கைது செய்யக் கோரி அங்கே புகார் கொடுத்தது அந்த அமைப்புதான். சந்திரப்பிரேமா தூதர் ஆனதைக் கேள்வி கேட்கிற நாம், இதையும் தெரிந்துகொண்டுதான் ஹாரிசனைப் படிக்க வேண்டும். வித்தியாசம் இருக்கிறது, சின்ன வித்தியாசம் இல்லை. ஒருவர் அதிகாரத்தின் பக்கம் போனார். மற்றவர் அதிகாரத்தால் நசுக்கப்பட்டவர்களின் பக்கம் போனார். என் மனசு யார் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. ஆனாலும் வாசகருக்கு இரண்டுமே சொல்லப்பட வேண்டும்.

இந்தப் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. பாதிக்கப்பட்டவர்களின் புத்தகங்களைப் படித்து முடிக்கும்போது, கோத்தபய என்ற மனிதர் எப்படி யோசித்தார், 69 லட்சம் பேருக்கு ஏன் அவரைப் பிடித்தது என்பது நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அரக்கன் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுகிறது. அப்படியானால் அடுத்தவர் வரும்போது எப்படி அடையாளம் காண்பது?

எழுதப்படாமல் போன புத்தகம்

இந்த வரிசையில் ஒரு காலி இடம் இருக்கிறது. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க. மிக் போர் விமானக் கொள்முதலைப் பற்றி அவர் பத்திரிகை எழுதியதற்காக, கோத்தபய அவதூறு வழக்குப் போட்டிருந்தார். 2009 ஜனவரி 8 அன்று காலை ஆபீசுக்கு கார் ஓட்டிப் போகும்போது நடுரோட்டில் லசந்த தாக்கிக் கொல்லப்பட்டார். தான் கொல்லப்படக்கூடும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட தலையங்கம் மூன்று நாள் கழித்து வெளிவந்தது. உலகம் முழுக்க ஊடகவியல் வகுப்புகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நானும் வகுப்பில்தான் முதலில் படித்தேன், கடைசி பெஞ்சில் போனை நோண்டிக்கொண்டு இருந்தவன் அன்றைக்கு வைத்துவிட்டேன்.

கொலைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கோத்தபய மறுத்துவந்திருக்கிறார். லசந்தவின் மகள் அகிம்சா 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் கோத்தபய மீது வழக்குப் போட்டார். அன்றைய அரசுப் பதவியால் அவருக்கு விலக்கு உண்டு என்று சொல்லி, அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அடுத்த மாதம் அவர் ஜனாதிபதி. கொலை வழக்கு இன்னமும் முடியவில்லை.

லசந்த உயிரோடு இருந்திருந்தால் கோத்தபயவைப் பற்றிக் கொழும்பிலிருந்தே ஒரு புத்தகம் எழுதியிருப்பாரோ என்னவோ. அவரைப் பற்றித்தான் புத்தகம் வந்தது. முதல் மனைவியும் பத்திரிகையாளருமான ரெய்ன் விக்ரமதுங்க 2013-ல் எழுதினார். 'எட்டு அம்ச மாடலில்' ஊடகக் கட்டுப்பாடு ஒரு அம்சம் என்று மேலே படித்தீர்கள். அந்த ஆண்டுகளில் பிரகீத் எக்னலிகொட போன்ற பத்திரிகையாளர்கள் காணாமல் போனார்கள், பலர் நாட்டை விட்டு ஓடினார்கள். 'கோட்டாஸ் வார்' வந்த 2012-ல் புத்தகக் கடையில் அதற்கு எதிர்ப்புத்தகம் உள்நாட்டில் அதிகம் இல்லாததற்கு எழுத ஆள் இல்லை என்பது காரணம் அல்ல.

அமெரிக்காவில் வேறு மாதிரி சிக்கல்

உயிர்ப்பயம் இல்லாத ஊரிலும் இந்தத் தொழில் சுத்தமாக இருப்பதில்லை. டொனால்டு டிரம்ப் இப்போது மறுபடி அதே நாற்காலியில் இருக்கிறார். அவருடைய முதல் ஆட்சியைப் பற்றி மட்டும் பத்திரிகையாளர்கள் எழுதிய புத்தகங்கள் ஒரு அலமாரி அளவுக்கு உண்டு. 2018 ஜனவரியில் மைக்கேல் உல்ஃபின் 'ஃபயர் அண்ட் ஃபியூரி' வந்து அனல் பறந்தது. வெள்ளை மாளிகைக்குள் உட்கார்ந்து கேட்டதாக எழுதினார், அதில் இது தப்பு அது தப்பு என்று மறுப்புகளும் சேர்ந்தே வந்தன.

பாப் உட்வர்ட் விவகாரம் இன்னும் சிக்கலானது. வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த இருவரில் ஒருவர். கொரோனா சாதாரண ஃப்ளூவை விடக் கொடியது என்று 2020 பிப்ரவரி 7 அன்றே டிரம்ப் அவரிடம் பேட்டியில் சொன்னார். வெளியில் அதை லேசாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவு உட்வர்ட் கையில் இருந்தது. மக்களுக்கு அது தெரிந்தது செப்டம்பரில், 'ரேஜ்' புத்தகம் வந்தபோது. ஏழு மாசம். டிரம்ப் சொன்னதைச் சரிபார்க்கவும் முழுச் சூழலைப் புரிந்துகொள்ளவும் நேரம் தேவைப்பட்டது என்று உட்வர்ட் விளக்கினார். புத்தகத்துக்காகச் செய்தியைப் பதுக்கினாரா என்று சக பத்திரிகையாளர்களே கேட்டார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. டெஸ்க்கில் வேலை பார்க்கிற எங்களுக்கு ஏழு நிமிஷம் லேட்டானாலே போன் வந்துவிடும், அது வேறு விஷயம்.

நம்ம ஜில்லா கதையும் ஒன்று

வெளியூரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பானேன். பட்டுக்கோட்டை பக்கத்து ராஜாமடத்தில் பிறந்தவர் ஆர். வெங்கட்ராமன். 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர். அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளையில் பிறந்தவர் மு. கருணாநிதி. 1991 ஜனவரி 30 அன்று, ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்த நிலையிலும், கருணாநிதி அரசைக் கலைக்கும் உத்தரவில் வெங்கட்ராமன் கையெழுத்துப் போட்டார். ஆளுநர் அறிக்கை மூலமோ 'வேறு வகையிலோ' என்று 356-வது பிரிவில் இருக்கிற ஒரு வார்த்தை அதற்கு இடம் கொடுத்தது.

ஒரே ஜில்லாக்காரர்கள் இருவர், ஒரே கையெழுத்து. இருவருமே தங்கள் காலத்தைப் புத்தகமாக எழுதினார்கள். ஒன்று 'மை பிரசிடென்ஷியல் இயர்ஸ்', மற்றொன்று 'நெஞ்சுக்கு நீதி'. கருணாநிதியைப் பற்றி வாஸந்தி, ஏ.எஸ். பன்னீர்செல்வன் போன்ற பத்திரிகையாளர்கள் பிறகு தனியாக வாழ்க்கை வரலாறு எழுதினார்கள். வெங்கட்ராமன் புத்தகத்தை மட்டும் படித்தால் ஒரு 1991 கிடைக்கும், கருணாநிதியை மட்டும் படித்தால் வேறொரு 1991. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க நமக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆட்சியைக் கலைத்தவரும் இழந்தவரும் உயிரோடு இருந்து தத்தம் நியாயத்தை எழுத முடிந்த நாடு என்பதால்தான் அந்த வாய்ப்பு. முள்ளிவாய்க்காலில் இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அது கிடைக்கவில்லை.

ஆனால் ஆட்சியை இழந்த கோத்தபயவுக்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில் அவரே புத்தகம் எழுதினார். தன்னைப் பதவியிலிருந்து இறக்க நடந்த சதி என்பது தலைப்பு. சர்வதேச ஆதரவோடு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு என்று உபதலைப்பு. அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய கூட்டாளியாக இருந்த விமல் வீரவன்ச, கிட்டத்தட்ட இதே பாட்டைப் பாடி ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதில் அமெரிக்கத் தூதர் வில்லி. இவை பத்திரிகையாளர் புத்தகங்கள் இல்லை, குறுக்கு விசாரணை எதுவும் கிடையாது. இடையில் 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், பொருளாதாரச் சீரழிவுக்கு கோத்தபய, மகிந்த உள்ளிட்டவர்களும் பொறுப்பு, மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. பெட்ரோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நாள்கணக்கில் நின்றவனுக்கு அந்நியச் சதி தேவைப்படவில்லை.

இந்த விஷயத்தில் தமிழ் வாசகர்களான நம் மீதும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கோடியக்கரையிலிருந்து கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த கோபத்தை உறுதி செய்யும் புத்தகங்களை மட்டுமே தேடிப் படிக்கிறோம். 'கோட்டாஸ் வார்' படித்தேன் என்று சொன்னபோது ஆபீசில் ஒரு நண்பர் முகம் சுளித்தார். "அதையெல்லாம் எதுக்குப் படிக்கற?" அதைப் படிக்காமல், அந்தப் பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்காமல் முடிவெடுக்கும் தலைவரைச் செயல்வீரர் என்று கொண்டாடுகிற ரீல்ஸ் நம்ம ஊர் டைம்லைனிலும் தினம் ஓடுகிறது. பின்னணி இசைதான் வேறு.

சித்தப்பாவுக்கு ஹாரிசன் புத்தகத்தின் தமிழ்ப் பிரதியை கூரியரில் அனுப்பினேன். போன வாரம் போன் வந்தது.

"யூரியா வந்துடுச்சுடா. ரெண்டு மூட்டைதான் குடுத்தான். பாதி வயலுக்குப் போட்டாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த கடைக்காரர் கதைய மொதல்ல படிச்சேன். ராத்திரி தூக்கம் வரல."

பிறகு கேட்டார். "அந்த இன்னொரு புக்கு சொன்னியே, அவரப் புகழ்ந்து எழுதுனது. அதையும் அனுப்பு."

"அது இங்கிலீஷ் சித்தப்பா."

"அப்பன்னா பொங்கலுக்கு வரும்போது எடுத்துட்டு வா. நீ படிச்சுச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்."